கணிப்பொறி ஏன் எழ மறுக்கிறது?

யந்திரங்களுக்கு நேரும் இடையூறுகள் இரண்டு வகைப்படும். உறுப்பு தேய்ந்தோ உடைந்தோ போவது ஒரு வகை. உறுப்புகள் யாவும் நலமாயிருந்தும், வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று யந்திரத்துக்குத் தெரியாமற் போவது மற்றொரு வகை. கணிப்பொறியில் ஏற்கெனவே உள்ள இயங்குதளத்தோடு மற்றோர் இயங்குதளத்தையும் நிறுவிய பிறகு, மறுநாள் விசையை அழுத்தினால் கறுத்த திரையும் புரியாத ஓரிரு வரிகளுமே தோன்றுகின்றன என்று பலர் முறையிடுகின்றனர். இது பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்த இடையூறு. உள்ளேயிருக்கும் கடிதங்கள், கணக்குகள், புகைப்படங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன; அவற்றை நோக்கிச் செல்லும் வழிகாட்டி மட்டுமே மாறிப் போயிருக்கிறது. இந்த வேற்றுமையை அறியாத காரணத்தால், நல்ல நிலையிலுள்ள தட்டை முழுதும் அழித்துவிட்டுப் பல ஆண்டு உழைப்பை இழந்தவர்கள் உண்டு. ஆகவே கணிப்பொறி எவ்வாறு எழுகிறது, ஏன் எழ மறுக்கிறது, அப்போது செய்யத்தக்கவை எவை என்பவற்றை முறையாகக் காண்போம்.

இந்த விஷயம் திருவனந்தபுரத்தில் வாழ்வோருக்குச் சற்று நெருக்கமானது. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்நகரில்தான் தொடங்கப்பெற்றது. அந்த இயக்கத்தின் மூலவரான ரிச்சர்டு ஸ்டால்மன் அதற்கென இங்கு வந்திருந்தார். கேரளப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் பரப்பிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாறியது. பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட அந்நிறுவனம், பள்ளிகளுக்கென லினக்ஸ் இயங்குதளத்தைத் தானே தொகுத்து வெளியிட்டு வருகிறது. 2019-இல் வெளிவந்த பதிப்பு உபுண்டு 18.04-ஐயும், 2024-இல் வெளிவந்தது உபுண்டு 22.04-ஐயும் அடிப்படையாகக் கொண்டவை. பள்ளியில் லினக்ஸைப் பயிலும் பிள்ளை வீட்டிலும் அதையே நாடுவது இயல்பு. ஆனால் வீட்டிலுள்ள கணிப்பொறியில் தந்தையின் அலுவலும் தாயின் கணக்குகளும் விண்டோஸில் இருக்கும். அதனை எடுத்துவிட முடியாது. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் குடிவைக்கிறார்கள். மேலும், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியில்லாத பழைய பொறிகளை வைத்திருப்போரில் பலர், அவற்றைக் கழித்துவிட மனமின்றி லினக்ஸைப் பக்கத்தில் நிறுவிப் பார்க்கின்றனர். இடையூறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கணிப்பொறியை எழுப்புதலை ஆங்கிலத்தார் 'பூட்' செய்தல் என்கின்றனர். பாதக்குறட்டின் வாரைத் தானே பிடித்துத் தன்னைத் தானே மேலே தூக்கிக் கொள்வது என்னும் பொருளுள்ள ஒரு சொற்றொடரின் சுருக்கம் அது. மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள எம்போன்றோர் இதற்குத் 'துவக்கம்' என்று எழுதுகிறோம். பொருள் வந்துவிடுகிறது, வேடிக்கை வருவதில்லை. எவ்வளவு தேர்ந்த கழைக்கூத்தாடியும் தன் தோளின் மேல் தானே ஏறி நிற்க இயலாது என்பது நம் சாஸ்திரங்களில் வரும் பழைய உவமை. கணிப்பொறிக்கும் அதே சங்கடம்தான். எந்த நிரலை இயக்குவதற்கும் இயங்குதளம் வேண்டும். இயங்குதளமோ தானும் ஒரு நிரல். அதனைத் தட்டிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைப்பது யார்? இந்தச் சங்கடத்தைப் பொறியியலார் படிப்படியாகத் தீர்த்திருக்கின்றனர். விசையை அழுத்தியவுடன், தாய்ப்பலகையிலுள்ள சில்லு ஒன்றில் நிலையாகப் பதிக்கப்பட்ட சிறு நிரல் விழித்துக்கொள்கிறது. அது உறுப்புகளைச் சோதித்து, 'துவக்கி' எனப்படும் வேறொரு நிரலைத் தேடி எழுப்புகிறது. துவக்கி இயங்குதளத்தின் கருவை எழுப்புகிறது. கோயிலில் வெளிவாயிற் காவலர் உள்வாயிற் காவலரை எழுப்ப, அவர் மடைப்பள்ளியாரை எழுப்புவது போன்ற முறை இது. இடையில் ஒருவர் எழவில்லையாயின் நடை திறவாது.

வெளிவாயிற் காவலரிடம் இரண்டு மரபுகள் உண்டு. பழைய மரபுக்கு 'பயாஸ்' என்று பெயர். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். சொந்தக் கணிப்பொறியோடு பரவியது அது. இம்மரபில் காவலர் தட்டின் முதற் பகுதியான 512 பைட்டுகளை மட்டும் படிப்பார். அவற்றுள் துவக்கியின் முதல் துணுக்குக்கு 446 பைட்டுகள். தட்டின் பாகப்பிரிவினையைக் கூறும் அட்டவணைக்கு 64. 'இது முறையான பதிவு' என்பதற்கு அடையாள முத்திரையாக 2. இவ்வளவே. இதில் துவக்கிக்கு ஓரிடமே உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் வந்து நிறுவப்படும் இயங்குதளம் தன் துவக்கியை அங்கே எழுதும்போது, முன்பிருந்தது அழிந்து போகிறது.

புதிய மரபு 'யு.இ.எஃப்.ஐ.' எனப்படும். இன்டெல் நிறுவனத்தார் தொடங்கிய முயற்சியை 2005 முதல் பல நிறுவனங்கள் சேர்ந்த மன்றம் ஒன்று வளர்த்து வருகிறது. இம்மரபில் தட்டின் ஒரு சிறு பிரிவு துவக்கிகளுக்கென்றே ஒதுக்கப்படுகிறது. விண்டோஸின் துவக்கிக்கு ஒரு கோப்புறை, லினக்ஸின் துவக்கிக்கு மற்றொரு கோப்புறை என ஒன்றையொன்று அழிக்காமல் அடுத்தடுத்து வாழலாம். எதனை முதலில் எழுப்புவது என்ற வரிசை மட்டும் தாய்ப்பலகையின் நிலையான நினைவில் குறிக்கப்பட்டிருக்கும். பாகப்பிரிவினை அட்டவணைக்கும் தட்டின் இறுதியில் ஒரு பிரதி வைக்கப்படுகிறது. பத்திரத்தின் மூலம் பெட்டியிலும், நகல் பதிவு அலுவலகத்திலும் இருப்பதைப் போன்றது இந்த ஏற்பாடு.

லினக்ஸ் வழக்கமாகக் கொண்டுவரும் துவக்கிக்கு 'கிரப்' என்று பெயர். 1995-இல் தொடங்கிய இந்நிரல், திரையில் ஒரு பட்டியலைக் காட்டி, 'லினக்ஸ் வேண்டுமா, விண்டோஸ் வேண்டுமா?' என்று வினவும் பண்புடையது. விண்டோஸின் துவக்கியோ அவ்வாறு லினக்ஸைத் தேடிச் சென்று பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆகவேதான், முதலில் விண்டோஸையும் பிறகு லினக்ஸையும் நிறுவுக என்று அனுபவசாலிகள் கூறுவர். முறை மாறினால், பின்வந்த விண்டோஸ் தன்னையே முதல் இடத்தில் குறித்துக்கொண்டுவிடும். லினக்ஸ் தட்டில் முழுதாக இருந்தும் கண்ணுக்குத் தென்படாது.

இனிப் பரிகாரத்துக்கு வருவோம். பிணி எது, அதன் மூலம் எது, தணிக்கும் வழி எது என்று வரிசையாக ஆராய்ந்த பின்பே மருந்தளிக்க வேண்டுமென்பது வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வகுத்த நெறி. அந்நெறி இங்கும் செல்லும். ஆனால் பரிசோதனைக்கும் முன்னதாக ஒரு விலக்கு உண்டு: தட்டை அழிக்கவோ, இயங்குதளத்தை மறுபடி நிறுவவோ கூடாது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், பழைய தென்திருவிதாங்கூர் ஊர்ப்பெயர்களையும் அவற்றின் தமிழ், மலையாள வழக்குகளையும் பல ஆண்டுகளாகத் தொகுத்துத் தட்டெழுதி வைத்திருந்தார். பேரன் லினக்ஸை நிறுவிய பின் பொறி எழவில்லை. பழுதுபார்க்கும் கடையொன்றில், 'தட்டு கெட்டுவிட்டது; எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும்' என்றார்கள்; அப்படியே போட்டும் கொடுத்தார்கள். பொறி அன்று மாலையே எழுந்தது. ஊர்ப்பெயர்கள் எழவில்லை. துவக்க வரிசையில் ஒரு வரியை மாற்றியிருந்தால் போதும் என்பது பிறகுதான் தெரியவந்தது. அச்செடுத்து வைத்திருந்த ஒரு பகுதியைக் கொண்டு அவர் இன்று மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். சுழலும் பழைய தட்டுகளில் அழிந்ததை ஓரளவு மீட்பதற்கு வழியுண்டு. இன்றைய திண்மத் தட்டுகளிலோ, அழிக்கப்பட்ட இடத்தைத் தட்டே உடனுக்குடன் துடைத்துவிடுவது வழக்கமாகையால், அந்த நம்பிக்கையும் மிகக் குறைவு.

ஆதலால் முதற்பணி, உள்ளிருப்பதைக் காப்பாற்றுவதே. லினக்ஸை நிறுவப் பயன்படுத்திய யு.எஸ்.பி. குச்சியிலிருந்தே, நிறுவாமல் 'முயன்று பார்' என்னும் முறையில் பொறியை எழுப்பலாம். அப்போது இயங்குதளம் நினைவகத்தில் மட்டும் தங்கி வேலை செய்யும். தட்டில் நாமாக எழுதினாலன்றி எதுவும் மாறாது. கோப்பு மேலாளரைத் திறந்து, தட்டிலுள்ள பிரிவுகளைப் பார்த்து, வேண்டியவற்றை வேறொரு வெளித்தட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். நகல் கைக்கு வந்துவிட்டால், அதன்பின் செய்யும் சோதனை எதுவும் அச்சம் தருவதன்று.

இரண்டாவது பணி பரிசோதனை. பொறியை இயக்கியவுடன் துவக்கப் பட்டியலைக் காட்டும் விசையை விட்டுவிட்டு அழுத்துக. டெல், லெனோவோ பொறிகளில் பெரும்பாலும் எஃப் 12; ஹெச்.பி. பொறிகளில் எஸ்கேப் அல்லது எஃப் 9. தோன்றும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்றும், 'உபுண்டு' என்றும் இரு பெயர்களும் இருக்குமாயின், நோய் மிக எளிது. வேண்டியதைத் தேர்ந்து உள்ளே சென்று பார்க்கலாம். பிறகு அமைப்புத் திரையில் லினக்ஸின் பெயரை வரிசையில் முதலாவதாக வைத்துவிட்டால் கிரப் பட்டியல் மீண்டும் வரும். பழுதென்று கடைக்குக் கொண்டு செல்லப்படும் பொறிகளுள் இவ்வளவிலேயே குணமடையக்கூடியவை உண்டு.

கிரப் பட்டியல் வருகிறது, ஆனால் அதில் விண்டோஸின் பெயர் இல்லை என்பது மற்றொரு குறை. 2021-இல் வெளிவந்த கிரப் 2.06 பதிப்பு முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் துணைநிரல் பாதுகாப்பு கருதி இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் அத்தடையை நீக்கிப் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆணையை இட்டால் விண்டோஸ் தோன்றும்.

'கிரப் ரெஸ்க்யூ' என்னும் சொற்களோடு திரை நின்றுவிடுவது மூன்றாவது குறை. லினக்ஸ் வேண்டாமென்று கருதி, விண்டோஸிலிருந்தபடியே அதன் பிரிவை அழித்துவிட்டவர்களுக்கு இது நேரும். துவக்கியின் முதல் துணுக்கு இருக்கிறது. அது தேடிச் செல்லும் எஞ்சிய பகுதி இல்லை. புதிய மரபுப் பொறியாயின், விண்டோஸின் துவக்கியை வரிசையில் முதலாவதாக வைத்தால் போதும். பழைய மரபாயின், விண்டோஸின் மீட்புக் குச்சியால் பொறியை எழுப்பி, ஆணைத் திரையில் 'பூட்ரெக்' என்னும் கருவியைக் கொண்டு முதற்பதிவை மறுபடி எழுதச் செய்ய வேண்டும். அது துவக்கித் துணுக்கை மட்டுமே எழுதும். பாகப்பிரிவினை அட்டவணையைத் தொடாது. புதிய மரபில் விண்டோஸின் துவக்கிக் கோப்புகளே சிதைந்திருந்தால், 'பிசிடிபூட்' என்னும் கருவி அவற்றை விண்டோஸ் கோப்புறையிலிருந்து புதிதாகப் படைத்துத் தரும். மீட்புச் சூழலில் தட்டுகளின் எழுத்துக் குறிகள் மாறியிருக்கலாம். 'சி' என்பது 'டி' ஆகியிருக்கலாம். எது எதுவென்று பார்த்து உறுதி செய்த பின்பே ஆணையிட வேண்டும்.

லினக்ஸின் துவக்கியே அழிந்திருந்தால், மேற்சொன்ன யு.எஸ்.பி. குச்சியால் எழுந்து, தட்டிலுள்ள லினக்ஸ் பிரிவை இணைத்து, அதனுள் நுழைந்து, கிரப்பை மறுபடி நிறுவலாம். ஆணைகளை எழுதப் பழகாதோருக்கு 'பூட் ரிப்பேர்' என்னும் கருவி இவற்றைத் தானே செய்து தரும். இதில் ஒரு நுட்பம் உண்டு. முன்பு எந்த மரபில் இயங்குதளம் நிறுவப்பட்டதோ, அதே மரபில்தான் குச்சியையும் எழுப்ப வேண்டும். விண்டோஸ் புதிய மரபிலும் லினக்ஸ் பழைய மரபிலும் நிறுவப்பட்டு, ஒன்று மற்றொன்றைக் காணாமலிருப்பதே சில வீடுகளில் நோயின் மூலமாக இருக்கிறது.

வேறொரு குறை பயமுறுத்தும் தோற்றமுடையது. லினக்ஸ் நிறுவும் நிரல், இன்டெல்லின் தட்டு மேலாண்மை அமைப்பு குறுக்கே நிற்பதாகச் சொல்லும். அமைப்புத் திரையில் அதனை மாற்றியவுடன் லினக்ஸ் நிறுவப்பெறும். விண்டோஸோ நீலத்திரை காட்டி நின்றுவிடும். தட்டோடு பேசும் முறை திடீரென்று மாறியதால், தன் தட்டையே அதனால் அடையாளம் காண முடியவில்லை. மாற்றிய அமைப்பை முன்போல் வைத்தால் விண்டோஸ் பெரும்பாலும் பழையபடி எழும். இரண்டும் புதிய முறையில் இயங்க வேண்டுமாயின், அமைப்பை மாற்றுவதற்கு முன்பே விண்டோஸை அதற்கு ஆயத்தம் செய்ய வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு காவல் உண்டு. அது 'பாதுகாப்பான துவக்கம்' என்பது. 2012-இல் விண்டோஸ் 8-ஓடு பரவலான இம்முறையில், முறையான கையொப்பம் இல்லாத துவக்கியை வெளிவாயிற் காவலர் அனுமதியார். லினக்ஸார் இதற்கென 'ஷிம்' என்னும் சிறு துவக்கிக்கு மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்று, அதனைக் கிரப்புக்கு முன்னே நிறுத்துகின்றனர். 2024 ஆகஸ்டு 13-இல் வெளியான விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பாதுகாப்புக் குறையுள்ள பழைய துவக்கிகளை விலக்கும் பட்டியலை நிலைநினைவில் எழுதியது. இரு தளங்கள் உள்ள பொறிகளை அது தொடாது என்று முன்னர் கூறப்பட்டிருந்தும், உலகெங்கும் அத்தகைய பல பொறிகளில் லினக்ஸ் எழாமல் நின்றது. காவலைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸில் நுழைந்து, அந்த விலக்குப் பட்டியலை நீக்கி, புதிய ஷிம்மைப் பெற்ற பிறகு காவலை மீண்டும் இயக்குவதே அப்போது பரிகாரமாயிற்று.

காவலை நிறுத்துமுன் ஓர் எச்சரிக்கை. பல புதிய மடிக்கணினிகளில் விண்டோஸின் தட்டு 'பிட்லாக்கர்' என்னும் முறையால் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது. உரிமையாளர் அதனை அறியாமலிருப்பதும் உண்டு. துவக்க அமைப்பில் மாறுதலைக் கண்டால் விண்டோஸ் 48 இலக்கங்களுள்ள மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது கையிலில்லாவிட்டால், தட்டு முழுமையாக இருந்தும் உள்ளிருப்பது பயன்படாது. எந்த நிபுணரும் அதனைத் திறந்து தர இயலாது. திறவுகோல் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்த மாற்றமும் செய்யுமுன் அதனைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துக்கொள்வது அவசியம்.

வருமுன் காக்கும் வழிகளையும் சுருக்கமாகச் சொல்லலாம். முக்கியமான கோப்புகளுக்கு வெளித்தட்டில் நகல் எடுக்க வேண்டும். மீட்புத் திறவுகோலைக் குறித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் 'விரைவுத் துவக்கம்' என்னும் வசதியை நிறுத்த வேண்டும். அது இயங்கும்வரை விண்டோஸ் முழுமையாக உறங்காமல் அரைக்கண் மூடியிருப்பதால், லினக்ஸ் அதன் பிரிவில் எழுதுவது ஆபத்து. புதிய தளத்துக்கான இடத்தை விண்டோஸின் தட்டு மேலாண்மைக் கருவியாலேயே சுருக்கி எடுப்பது நன்று. நிறுவும்போது, 'தட்டை அழித்து நிறுவு', 'பக்கத்தில் நிறுவு' என்னும் இரு வாசகங்களையும் இருமுறை படித்த பின்பே விசையை அழுத்த வேண்டும். துலாவர்ஷ காலத்து மாலைகளில் திருவனந்தபுரத்தில் இடியும் மின்தடையும் வழக்கம். பிரிவைச் சுருக்கும் நடுவில் மின்சாரம் நின்றால் உண்மையாகவே சேதம் நேரும். மின்கலம் நிறைந்த நிலையில், காலை வேளையில் இப்பணியை மேற்கொள்வது உசிதம்.

எல்லாம் சரியாக எழுந்த பிறகு, விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் கலங்க வேண்டியதில்லை. பொறியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்வதால் தோன்றும் வேற்றுமை அது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றி அமைத்தால் நேரம் ஒன்றுபடும்.

சுருங்கக் கூறின், எழ மறுக்கும் கணிப்பொறியைக் கண்டவுடன் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். உள்ளிருப்பதற்கு நகல் உண்டா? துவக்கப் பட்டியலில் இரு தளங்களின் பெயரும் உண்டா? கடைசியாக எதை மாற்றினோம்? முதல் வினாவுக்கு 'ஆம்' என்னும் விடை கிடைக்குமளவும் பழுதுபார்ப்பைத் தொடங்காதிருப்பதே முறை. பொறியைப் பிறரிடம் ஒப்படைக்க நேர்ந்தாலும், 'உள்ளிருப்பதை அழிக்கலாகாது. முதலில் நகல் எடுத்துத் தாருங்கள்' என்று சொல்லியோ எழுதிக் கொடுத்தோ ஒப்படைக்கலாம். அந்தத் தமிழாசிரியர் இப்போது தாம் அன்றன்று சேர்க்கும் ஊர்ப்பெயர்களை அன்று மாலையே வேறொரு குச்சியில் நகலெடுத்த பின்புதான் பொறியை அணைக்கிறார்.